பத்து நாளில் வந்த பாஷை

இல்லை, அந்தப் பேச்சை மட்டும் இனி யாரும் எடுக்க வேண்டாம். "அத்தைக்குப் பத்தே நாளில் பர்மா பாஷை வந்துவிட்டது, சரஸ்வதி கடாட்சம்" என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். டின்னம்மாவின் கருமாதியன்று பஜனை மடத்தில் படிக்க நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்க வந்தபோதும் அதையே சொன்னீர்கள். "அதுக்கு வாயா இருந்தவ நீதான் அத்தே, நீ எய்தினாத்தான் நல்லாருக்கும்" என்றீர்கள். எழுதுகிறேன். நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் படிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

டின்னம்மா போன அன்றைக்குப் பௌர்ணமி. திருவொற்றியூர் அம்மனைப் பார்க்கப் போயிருந்தேன். டின்னம்மாவுக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல். முந்தின நாள் டாக்டர் ஊசி போட்டிருந்தார், காலையில் அரை டம்ளர் கஞ்சி குடித்தாள், அந்தத் தைரியத்தில் போனேன். திரும்பி வந்து ராயபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பக்கத்து வீட்டுப் பட்டம்மா எனக்காக நின்றுகொண்டிருந்தாள். என் கையில் இருந்த குங்குமப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"டின்னம்மா பூட்ச்சி அத்தே. கடசியா இன்னாவோ சொல்லிக்கினே இருந்திச்சி, அது பாஷைல. ஒருத்தருக்கும் புரியல. நீ இருந்தா புரிஞ்சிருக்கும்."

அவள் புருஷன் சண்முகம் துறைமுகத்தில் வேலையில் இருந்தான். ஆள் போய் அழைத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பட்டம்மா ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் நான் பக்கத்தில் இருந்தும், டின்னம்மா சொன்னதெல்லாம் புரிந்தும், வாயைத் திறக்காமல் இருந்த ஒரு காலம் உண்டு. அது பட்டம்மாவுக்குத் தெரியாது. உங்களில் ஒருவருக்கும் தெரியாது.

என் கல்யாணமாகிச் சில வருஷத்தில் என் வீட்டுக்காரருக்கு ரங்கூன் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. நானும் கூடப் போனேன். போன முதல் மழைக்காலத்திலேயே குளிர்காய்ச்சல் வந்தது. அவர் விடியற்காலை போனால் விளக்கு வைத்துத்தான் வருவார். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட எனக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. யாரைக் கேட்பது? கீழ் வீட்டில் ஒரு பர்மாக்கார அம்மாள் இட்லிக்கடை மாதிரி ஒரு சேமியாக் கடை வைத்திருந்தாள். இரண்டு நாள் என் சத்தமே கேட்கவில்லை என்று மேலே ஏறி வந்தாள். என் நெற்றியைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள், முழங்காலைத் தொட்டாள். தொடுகிற இடத்திலெல்லாம் "நாதலா? நாதலா?" என்று கேட்டாள். வலிக்கிறதா என்று அர்த்தம். நான் கற்ற முதல் வார்த்தை அதுதான். பதினெட்டு நாள் அவள் கையால் கஞ்சி குடித்தேன். படுத்த படுக்கையில் தண்ணீர், சோறு, போதும், வலி எல்லாவற்றுக்கும் பேர் கற்றுக்கொண்டேன். பிறகு அவள் கடையிலேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் அளவுக்கு வந்துவிட்டேன். ஒன்பது வருஷம்.

ரங்கூனில் குண்டு விழுந்தபோது கப்பல் ஏறி ராயபுரத்துக்கு, மாமியார் வீட்டுக்கு வந்தோம். அடுத்த வருஷமே என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். இனி மாமியார் போடும் சோறுதான் என்று ஆனது. அந்த அம்மாள் ஒருநாள் நாலு பேர் நடுவில் கேட்டாள்: "ஏண்டி, ஒம்போது வருசம் கண்டதத் துன்றவங்க ஊர்ல இருந்தியே, அவங்க வூட்ல வாய நனைச்சியா?"

"சிவ சிவா! பச்சத் தண்ணிகூட வாங்கிக் குடிச்சதில்ல அத்தே. அவங்க பேச்சுல ஒரு வார்த்தகூட எனக்குத் தெரியாது."

அன்றிலிருந்து எனக்கு ஆசாரக்காரி என்று பெயர். பஜனையில் முன் வரிசையில் இடம். உங்களில் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் என் கொழுந்தன் சண்முகம் மோல்மேனிலிருந்து வந்தான். அவன் பர்மாவில் இருந்த காலமெல்லாம் மோல்மேன் அரிசி மில்லில்தான் இருந்தான், ரங்கூனுக்கு எங்களைப் பார்க்க வந்ததே இரண்டு தடவைதான். என் பேச்சு, பழக்கம் ஒன்றும் அவனுக்குத் தெரியாது. அவனோடு மா டின் என்ற பெண்ணும் வந்தாள். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டிருந்தான். மாமியாரோ தன் அண்ணன் மகளை அவனுக்காக ஆறு வருஷம் காக்க வைத்திருந்தாள்.

"பர்மா போனவன் தேக்குக் கட்டில் கொண்டாருவான்னு பாத்தா, வாய் பேசாத பொம்மைய இட்டாந்துகீறான்" என்றாள். பிறகு எங்கள் எல்லோருக்கும் ஒரு உத்தரவு போட்டாள். "அவகிட்ட ஒருத்தரும் பேசக் கூடாது. ஜாடையும் வேணா. தானா கப்பல் ஏறிப் பூடுவா."

நான் பேசவில்லை. எட்டு மாதம். குழாயடியில் பக்கத்தில் நிற்பாள், தனக்குத்தானே பர்மியில் ஏதாவது சொல்லிக்கொள்வாள். ஒருநாள் குழாய்த் தண்ணீரை வாயில் வைத்துவிட்டு, "இதில் மீனையே வேகவைக்கலாம், உப்புப் போட வேண்டாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடத்தை அலம்புகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

சித்திரையில் சண்முகத்துக்குச் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்து, கல்கத்தா போய்விட்டான். வர ஒரு மாதம் ஆகும். அவன் போன வாரத்தில் டின்னுக்குக் காய்ச்சல் அடித்தது. கத்திரி வெயில் வேறு, அவள் வெள்ளைத் தோலில் கழுத்து, முதுகெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. மாமியார் ஒரு தடவைதான் பார்த்தாள்.

"முத்து முத்தா கீது பாரு. ஆத்தா வந்துகீறா. வாசல்ல வேப்பல கட்டு. டாக்டரு கீக்டருன்னு எவளாவது பேசினா ஆத்தாளுக்குக் கோவம் வந்துரும்."

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அம்மை போட்ட வீட்டில் மருந்து கிடையாது, வைத்தியர் கிடையாது, வெளியார் வரக்கூடாது. வேப்பிலை கட்டியது நான். பின்கட்டு அறையில் அவளை விட்டுக் கதவைச் சாத்தியதும் நான்தான். அது வேர்க்குருவாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் எனக்குள் வந்தது. சந்தேகப்படுவதே அபசாரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வேளைக்கு இளநீரும் கூழும் கொண்டு போய்க் கதவுக்கு வெளியே வைப்பேன். முதல் நாள் உள்ளேயிருந்து சொன்னாள்: "இது வெயிலில் பொரிந்தது. எனக்கு ஒன்றும் தொற்று இல்லை. கதவைத் திற." புரிந்தது. வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் சொன்னாள்: "வயிற்றில் குழந்தை இருக்கிறது. வயிறு வலிக்கிறது. யாரையாவது கூப்பிடு."

புரிந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்ததை மாமியாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "ஆத்தா வவுத்துல எறங்கறா" என்றாள். நான் தலையாட்டிவிட்டுப் போய் அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நூற்றெட்டு நாமம் சொன்னேன். அவள் சத்தம் கேட்காதபடி உரக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் ரத்தம் படுகிறது என்றாள்.

"கை ஜாடையில் காட்டினாள், கர்ப்பம் போலிருக்கிறது" என்று மாமியாரிடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்குப் பர்மா பாஷை தெரிய வேண்டியதில்லை. அந்தச் சின்னப் பொய்கூட எனக்குத் தோன்றவில்லை. பழைய பொய்யைக் காப்பாற்றுவதிலேயே என் புத்தியெல்லாம் இருந்தது. தெரியும் என்றால் பச்சைத் தண்ணீர் குடிக்காத கதை போய்விடும், முன் வரிசை போய்விடும், சோறும் போய்விடுமோ என்று பயம்.

நாலாம் நாள் காலையில் இளநீரை வைத்தபோது அவள் யாரையும் கூப்பிடவில்லை. மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். காது கொடுத்துக் கேட்டேன். வயிற்றில் இருந்த பிள்ளையிடம் பேசிக்கொண்டிருந்தாள். "போகாதே, இரு. அப்பா கப்பலில் வந்துகொண்டிருக்கிறார்" என்றாள்.

கதவைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் வயிற்றில் கை வைத்து, "நாதலா?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை, கோபப்படவும் இல்லை. "வலிக்கிறது அக்கா" என்றாள், அவள் பாஷையில்.

மாமியார் அம்மன் கோயிலுக்குத் தீர்த்தம் வாங்கப் போயிருந்தாள். தெருமுனையில் நின்ற ரிக்‌ஷாக்காரரைக் கூப்பிட்டேன். வேப்பிலையைப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"இன்னாமே, ஆத்தா போட்ட ஒடம்ப வண்டில ஏத்தச் சொல்றியே, எனுக்குப் புள்ளகுட்டி கீது." பிறகு நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தூக்கும்போது கழுத்தைப் பார்த்தார். "தூ! இது வேக்குருமே! எம் பொஞ்சாதிக்கு வருசா வருசம் வருது. நொங்குத் தண்ணி தடவினா பூடும். இதுக்கா கதவ மூடினீங்கோ?"

பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்கக் கேட்க நான் பர்மியில் கேட்டு, தமிழில் சொன்னேன். எத்தனை மாதம், எப்போதிலிருந்து ரத்தம், எங்கே வலி. ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. அவ்வளவு சரளமாக வந்ததுதான் என்னைக் கொன்றது.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே கேட்டார். "இவ்வளவு நல்லாப் பேசறீங்களே, ரெண்டு நாள் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?"

பிள்ளை தங்கவில்லை. டின் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், துணைக்கு நான் இருந்தேன். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று மாமியாரிடம் சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை உண்டாகவே இல்லை.

சண்முகம் வந்தபிறகு ஒருநாள் எல்லோரும் கூடத்தில் இருந்தோம். நான் வாய் தவறி அவளிடம் பர்மியில் ஏதோ கேட்டுவிட்டேன். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவளுக்கு எப்ட்றா அந்தப் பாஷ வந்துது? கேளு அவள."

சண்முகம் கேட்டான். டின் என் முகத்தைப் பார்த்தாள். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். சண்முகம் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னான். "ஆஸ்பத்திரில பத்து நாளும் இவதான் அண்ணிக்குச் சொல்லிக் குட்த்தாளாம்மா. அண்ணி மாதிரி கெட்டிக்காரிய இவ பாத்ததே இல்லியாம்."

சரஸ்வதி கடாட்சம் பிறந்தது அப்படித்தான். மாமியாரே தெருவெல்லாம் சொன்னாள். நீங்கள் என்னைக் கொண்டாடினீர்கள். நான் கை கூப்பி, "எல்லாம் அவள் கிருபை" என்று சாமி படத்தைக் காட்டினேன்.

பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள் என்பது உங்களுக்கே தெரியும். நம் தெரு வைத்த டின்னம்மா என்ற பெயர் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். கொருக்குப்பேட்டை ரயில் யார்டில் மூட்டை தூக்க வந்த தெலுங்குக்காரப் பெண்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குத் துணையாக நடப்பாள். அவளுக்குத் தெலுங்கில் ஒரு எழுத்து தெரியாது. ஒரு சிலேட்டில் மனுஷ உருவம் ஒன்று வரைந்து வைத்திருப்பாள். வலிக்கிற இடத்தை அவர்கள் தொட்டுக் காட்ட வேண்டும். "பாஷ தெரியாம நீ போயி இன்னா பண்ணுவே?" என்று பட்டம்மா கேட்டதற்கு அவள் சொன்னது: "சும்மா நிப்பேன். கூட ஒருத்தி நின்னா, டாக்டரு ரெண்டாவது வாட்டி கேப்பாரு." என்னிடம் ஒரு தடவை சொன்னாள்: "காச்சல் வந்தா மொதல்ல ஓடிப்போறது தமிய்தான் அக்கா. அப்ப பக்கத்துல நீ இரு." இந்தத் தடவையும் அப்படித்தான் ஆனது. மூன்றாம் நாளே தமிழ் போய்விட்டது. எட்டு நாள் இருந்தேன். ஒன்பதாம் நாள் கோயிலுக்குப் போய்விட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லையா என்பீர்கள். மாமியார் தவறிய வருஷம், காசிமேட்டில் கருவாடு வாங்கிக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன். "தங்கச்சி, அந்த எட்டு மாசமும் எனக்கு உன் பேச்சு…"

"மய வருது அக்கா. கருவாட மூடு" என்றாள். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை.

சண்முகம், நீ முன்னால் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பாய். உன் பிள்ளை விதியால் போகவில்லை. அம்மனும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் இரண்டு நாள் முன்னால் வாய் திறந்திருந்தால் ஒருவேளை இருந்திருக்கும். உன் பெண்டாட்டி அதை உன்னிடமும் சொல்லாமல் போயிருக்கிறாள். நீ என்னை அண்ணி என்று இனி கூப்பிடுவதும் விடுவதும் உன் இஷ்டம். அவள் பொருள் எதுவும் எனக்கு வேண்டாம். எனக்காக அவள் சொன்ன அந்த ஒரு பொய்தான் அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதையும் இன்றைக்கு உங்கள் முன்னால் உடைத்துவிட்டேன்.

இதை மடித்துக் கொடுக்கப் போகிறபோதுதான் ஒன்று ஞாபகம் வருகிறது. இத்தனை வருஷம் எப்படி மறந்தேனோ. அவள் முதல்முதலில் வந்த அன்று, ஜட்காவிலிருந்து இறங்கித் தலையில் டிரங்குப் பெட்டியோடு வாசற்படி ஏறினாள். எங்கள் வீட்டு வாசல் நிலை ரொம்பத் தாழ்வு. மாமியார் அடுக்களையில் இருந்தாள், சண்முகம் ஜட்காக்காரனோடு வாசலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பெட்டி இடித்து அவள் விழப்போகிறாள் என்ற பயத்தில், நான் என்னையும் அறியாமல் கத்திவிட்டேன், "குனி, தலை பத்திரம்!" என்று, சுத்தமான பர்மியில். அவள் குனிந்துதான் உள்ளே வந்தாள்.