பெயர் சொல்லாமல் ஏறெடுத்த ஜெபம்

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, ஞாயிறு, காலை பத்து ஐம்பத்திரண்டு. மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்து, வராமல் ஏமாற்றிய வானம். புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட எங்கள் சபையில் ஆறு மின்விசிறிகளில் நான்குதான் ஓடின. நான் ஜெபம் செய்ய எழுந்து நின்றேன்.

எங்கள் சபையில் யாரும் யாரையும் நேரில் குறை சொல்வதில்லை. நேரில் சொன்னால் அது நியாயந்தீர்ப்பு. அதையே கண்ணை மூடிக்கொண்டு, பெயர் சொல்லாமல், ஆண்டவரிடம் சொன்னால் அது பாரம். தாமதமாக வருகிறவர்கள், செருப்பை வாசலுக்குக் குறுக்கே விடுகிறவர்கள், எல்லாருக்காகவும் பாரத்தோடு ஜெபித்திருக்கிறோம். அடுத்த வாரமே செருப்புகள் ஓரமாகக் கிடக்கும்.

அன்று என் பாரம் ஒரு குரல். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருட்டும் ஆலையில் வேலை செய்யும் தம்பி ஒருவன், எனக்கு நேர் பின்வரிசையில் உட்காருவான். அவன் பாட ஆரம்பித்தால் பாட்டு ஒரு பக்கம் போகும், அவன் ஒரு பக்கம் போவான். நல்ல சத்தத்தோடு போவான். பதினேழு ஞாயிறுகள் பொறுத்துப் பார்த்தேன். பதினெட்டாவது ஞாயிறு, "ஆண்டவரே, சுருதி தப்பிப் பாடுகிற ஒரு நாவை உம்முடைய கரத்தால் தொட்டு அமைதிப்படுத்தும்" என்று ஏறெடுத்தேன். பின்னாலிருந்து அவனே, "ஆமென்!" என்று தகரம் அதிரச் சொன்னான்.

அடுத்த ஞாயிறு முதல் பாட்டுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. இளைஞர்கள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கம் உதடுகள் மட்டும் அசைந்தன. ஆர்மோனியத்துக்குப் பக்கத்து நாற்காலி, பாட்டு எடுத்துக் கொடுக்கும் சகோதரியின் நாற்காலி, காலியாக இருந்தது. தனியாக, நிம்மதியாக, ஐந்து சரணமும் பாடியவன் அவன் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"பேர் சொல்லாம மொத்த சபையவும் ஒரே அடில அடிச்சிட்டீங்க. பாட்டு எடுக்கற அந்தப் பொண்ணு ஊட்ல ஒக்காந்து அழுவுது, தெரியுமா?"

"அவ இன்னாத்துக்கு அழணும்?"

"தொண்டைல ஆபரேஷன் ஆயி நாலு மாசம் பாடாம இருந்தா. அன்னிக்கிதான் மொதமொதலா பாடினா. பாட்டு முடிஞ்சி நீங்க எழுந்தீங்க. சுருதி, நாக்குன்னு ஆரம்பிச்சீங்க. இன்னா நெனப்பா?"

சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அவளுடைய பாட்டில்தான் எங்கள் ஆராதனையே நிற்கிறது. கம்பெனியில் நாளெல்லாம் அட்டைப்பெட்டி ஒட்டிவிட்டு வந்து, அதற்குமேல் பாடுகிறவள். ஷேர் ஆட்டோ பிடித்துக் கவரைப்பேட்டைக்குப் போனேன்.

"நீங்க சொன்னதுல தப்பில்லீங்கய்யா," என்றாள் அவள், கழுத்துத் தழும்பை முந்தானையால் மூடிக்கொண்டு. "கொரலு பழையபடி வர நாளாவும்னு டாக்டரே சொன்னாரு. நான்தான் அவசரப்பட்டுட்டேன். இனிமே பாடலீங்கய்யா."

"உன்ன சொல்லலம்மா. சத்தியமா உன்ன இல்ல."

"அப்ப யார சொன்னீங்க?"

நான் விழித்தேன். பெயரைச் சொன்னால் கோள். சொல்லாவிட்டால் அவள் நம்பமாட்டாள்.

"பாத்தீங்களா, சொல்ல வாய் வர்ல," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போட உள்ளே போனாள். அந்த டீயைக் குடித்ததுபோல் கஷ்டப்பட்டு நான் எதையும் குடித்ததில்லை.

அங்கிருந்து நேரே அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்கய்யா! போன வாரம் சூப்பர் ஜெபம். எம்பக்கத்துல ஒக்காந்துகினு இருப்பாரே, அவருக்குத்தானே? காது கொடுத்துக் கேக்க முடியலய்யா."

"அவரு இல்லப்பா. நீதான்."

கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் என் வேட்டியில் அடித்தது. அவன் கவனிக்கவில்லை.

"நானா?" வீட்டுக்குள் திரும்பிக் கத்தினான். "இன்னாமே, நான் பாடறது எப்டி?"

"கொஞ்சம் சத்தம்," என்று உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது.

"கொஞ்சம்னா?"

"பிள்ளைங்க டிவிய நிறுத்திடும்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "ஏன்யா, தெனம் பஸ் ஸ்டாப்புல பாக்கறீங்க. 'டேய், கொஞ்சம் மெதுவா பாடுடா'ன்னா கேக்க மாட்டேனா? நேரா மேல போயி ஆண்டவர்கிட்ட போட்டுக் குடுத்துட்டீங்களே!"

நான் சொன்னேன், பாட்டு எடுக்கும் சகோதரி பாடுவதையே நிறுத்திவிட்டாள் என்று. அவன் குழாயை மூடினான்.

"மில்லு சத்தத்துல காது மந்தமா பூடுச்சிய்யா. அக்கா பாடறது கேட்டாதான் பின்னாடியே போவலாம். கேக்கல. அதான் நானா ஒரு ரூட்டுல போறேன். வாங்க, ஏறுங்க."

ஈர பைக்கில் என்னை உட்காரவைத்துக்கொண்டு மறுபடியும் கவரைப்பேட்டை. அவள் கதவைத் திறந்ததும் ஆரம்பித்தான்.

"யக்கா, அய்யா ஜெபம் பண்ணது என்னியதான். அவரே ஊட்டாண்ட வந்து சொல்லிட்டாரு. நல்லா கேட்டுக்க, நீ வர்லன்னா நான்தான் வாரா வாரம் பாட்டு எடுக்கப் போறேன். பாஸ்டரும் சரின்னுட்டாரு."

போதகரிடம் அவன் பேசவே இல்லை.

"ஐயோ, வேணாம்டா சாமி!" என்று அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் தயங்கினாள். "ஆனா எங்கொரலு இப்ப முன்ன மாதிரி எழும்பாதுடா. மொத வரிசைக்கே கேக்காது. ஒனக்கு எங்க கேக்கப் போவுது?"

"மைக்கு இருக்குதில்ல? ஒரு சின்ன ஸ்பீக்கர் பொட்டிய எங்காதாண்ட வச்சா போதும். நீ மெதுவா பாடு, நானும் மெதுவா வர்றேன்."

"பொட்டிக்கு துட்டு யார் குடுப்பா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

செப்டம்பர் முதல் ஞாயிறு அவள் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாதிக் குரலில் முதல் அடியை எடுத்தாள். எனக்குப் பின்னால் சுவரில் மாட்டிய பெட்டியிலிருந்து அது வந்தது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு எட்டு பின்னால், ஏறக்குறைய அதே பாட்டில் வந்தான். மூன்றாவது சரணத்தில் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்பீக்கர் பெட்டி 3,400, ஒயர் பதினைந்து மீட்டர் 375, எலக்ட்ரீஷியன் கூலி 400, கவரைப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ 40. ஆக மொத்தம் நாலாயிரத்து இருநூற்றுப் பதினைந்து ரூபாய்.