அப்பா வீட்டில் இல்லை

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இன்று காலை நான் வீட்டில் இல்லை என்று முடிவெடுத்தேன்.

எப்போதாவது வரும் மொழிபெயர்ப்பு வேலை ஒன்று வந்திருந்தது. குழந்தைப் பராமரிப்பு பற்றிய துண்டுப்பிரசுரம். பிள்ளைகள் இருவரிடமும் போனைக் கொடுத்து, "அப்பா வீட்டுல இல்லன்னு நெனச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, உள் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

மகன் வெளியே கொண்டியைப் போட்டான். ஒத்துழைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அந்த வீட்டம்மா வெள்ளிக்கிழமை மட்டும்தான் பேச விடுவார்.

ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது. "அப்பா எங்கடா?"

"வீட்டுல இல்லம்மா."

"அப்ப யாரு இருக்கா?"

"யாருமே இல்ல. நானும் பாப்பாவும்தான்."

கதவை இடித்தேன். "டேய், தொறடா! நான் பேசணும்!"

"நீங்கதான் வீட்டுல இல்லையேப்பா!" என்றாள் மகள், கதவிடுக்கில் வாயை வைத்து. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கூரைத் தகரத்தில் மழை. என் சத்தம் மனைவிக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் அவள் அழுதது எனக்குக் கேட்டது.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா வந்து கொண்டியை நீக்கியபோது அழைப்பு முடிந்திருந்தது.

இனி அடுத்த வெள்ளிக்கிழமை.