பேராசிரியரின் பதினோராம் பக்கம்

மன்னாரில் ஓட்டோ ஓடுகிறவனுக்கு வெயிலும் கிடங்கு விழுந்த றோட்டும் பழகிவிடும். போகுமிடம் சொல்லாமல் ஏறுகிற ஆள்தான் பழகாது. நீங்களும் ஹயர் ஓடுகிறவர் என்றால் என் பாடு விளங்கும்.

எங்கே போறது?

பஸ் நிலையத்தில் ஒரு ஜப்பான்காரர் ஏறினார். அறுபத்தைந்து வயதிருக்கும். மடியில் தடித்த கொப்பி. நான் ஆறு வருஷம் ஜப்பானில் மீன் கம்பனியில் வேலை செய்தவன். அந்தப் பாஷையிலேயே இடம் கேட்டேன். மனிதர் ஆச்சரியப்படக்கூட இல்லை.

"எங்கேயெண்டாலும் போங்கோ. நிண்டா எனக்கு யோசனையும் நிண்டுபோகும்."

ஒரு கடிதம்

தலைமன்னார் வீதியில் கதை வெளியே வந்தது. ஆள் கணிதப் பேராசிரியர். சமன்பாடுகளுக்குள் ஒளிந்திருக்கும் வடிவங்களை ஆராய்வதுதான் வேலை. ஸ்டேசன் மாஸ்டரின் மகன். இளவயதில் ஒரு தேற்றத்தை நிறுவினார். பேரும் பதவியும் அதனால் வந்தன. முப்பது வருஷமாக மற்றவர்களும் அதை நம்பித் தங்கள் ஆராய்ச்சியைக் கட்டினார்கள். போன மாசம் வெளிநாட்டு மாணவி ஒருத்தி கடிதம் எழுதினாளாம்: அந்த நிறுவலின் பதினோராம் பக்கத்தில் ஒரு படி சரிவரவில்லை. வீட்டில் இருக்கமுடியாமல், தெரிந்தவர் எவரும் இல்லாத ஊர் தேடிப் புறப்பட்டுவிட்டார்.

பேசாலையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினேன். கடைக்கார அக்கா என்னிடம் விசயத்தைக் கேட்டுவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு கணக்குப் பிழைச்சதுக்கோ இவ்வளவு தூரம்? என்ர மகளுக்கு எல்லாக் கணக்கும் பிழை. அவள் வடிவா நித்திரை கொள்ளுறாள்."

மடுவில்

அடுத்த நாள் மடு மாதா கோயிலுக்குப் போனோம். கோயிலில் பத்து நிமிசமாவது இருப்பார் என்று நினைத்தேன். நான் மெழுகுதிரி கொளுத்தி முடிக்கமுதல் அவர் ஓட்டோவுக்குள். "மாதாவிட்டக் கேட்டனீங்களோ, அந்தப் படி சரியோ எண்டு?" என்றேன், அரைப் பகிடியாக.

"கேக்கயில்லை. பிழையெண்டு மறுமொழி வந்தா நான் என்ன செய்யிறது?"

குளக்கட்டில்

மூன்றாம் நாள் உயிலங்குளத்தடியில் "நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினார். குளக்கட்டில் குந்தியிருந்து எழுதத் தொடங்கினார். ஒரு மணித்தியாலம் நிமிரவே இல்லை. நான் சோடாப் போத்தலோடு வெயிலில் காவல். கடைசியில் நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது, முகத்தில் சிரிப்பு.

"திருத்திப்போட்டீங்களோ?"

இல்லையென்று தலையாட்டினார். அந்தப் படியும் தேற்றமும் சேர்ந்தே பிழையாகிற வடிவம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாராம். அப்படியென்றால் தேற்றமே பொய். அதை நம்பிய எல்லாருக்கும் இனி அவரே எழுதவேண்டும். முதல் மின்னஞ்சலை அங்கேயே அந்த மாணவிக்கு அனுப்பினார்: நீ சொன்னது சரி, இதை இருவரும் சேர்ந்து எழுதுவோம். நான் சோடாப் போத்தலை நீட்டினேன். அவர் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டார்.

"ஒரு மாசமாச் சாப்பாடு இறங்கயில்லை. நல்ல மீன்சோறு எங்க கிடைக்கும்?"

பயணியை இறக்கிவிட்டால் அவருடைய கரைச்சலும் கூடவே இறங்கிவிடும் என்று எங்கள் ஓட்டோ ஸ்ராண்டில் சொல்லுவார்கள். என் விசயத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை; அவர் இறங்கிப் போனபிறகும் அந்தப் பதினோராம் பக்கம் என் ஓட்டோவிலேயே வருகிறது.