அரண்மனை வாசலில் தையல் மிஷின்

எண்பதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் எங்களுக்கு ஒரு தையல் கடை இருந்தது. என் மாமனார் தென்காசிப் பக்கமிருந்து வந்து போட்ட கடை. என் வீட்டுக்காரர் துணி வெட்டுவார், நான் தைப்பேன். நான் பக்கத்துச் சுள்ளிக்கல்லில் பிறந்து மலையாளம் படித்தவள். தமிழ் எழுதப் பழகியதே கல்யாணத்துக்குப் பிறகுதான்.

மழை விட்டதும் உல்லாசக் கப்பல்கள் வரத் தொடங்கும். வில்லிங்டன் தீவில் கப்பல் கரை சேர்ந்ததும் பயணிகள் கையில் ஒரு பாஸைக் கொடுத்து, சாயங்காலத்துக்குள் திரும்பினால் போதும் என்று விட்டுவிடுவார்கள். அவர்கள் படகேறி எங்கள் படகுத்துறையில் இறங்குவார்கள். மிளகுக் கிட்டங்கி வாசலில் நின்று தும்முவார்கள், பிறகு கால்போன போக்கில் நடப்பார்கள். அப்படி நடந்து வந்தவர்கள்தான் எங்கள் கடைக்குள்ளும் நுழைந்தார்கள்.

ஒரு கப்பல் இரண்டு நாள் தங்கியது. முதல் நாள் பதினொரு பெண்கள் அளவு கொடுத்தார்கள். கடைசியாக வந்தவர் உயரமான ஒரு வயதான அம்மா, பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் வந்த நோயில் அவருடைய இடது தோள் இறங்கிப்போயிருந்தது. எந்தச் சட்டை போட்டாலும் ஒரு பக்கம் சரிந்து விழுமாம். "தோளில் நிற்கிற சட்டை ஒன்றுகூட நான் போட்டதில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில், "நாளைக்கு நிற்கும், ட்ரையலுக்கு வாங்க" என்றேன். வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் காலை எதிர் சாயாக்கடைச் சேட்டன் செய்தியோடு வந்தார். "இன்னைக்கு ஒராளையும் தனியா விட மாட்டாங்களாம். புதிய ஓர்டர் வந்நிருக்கு. எல்லாரும் பஸ்ஸில கூட்டமா வரணும், கூட்டமா போகணும்."

என் வீட்டுக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். "சரி, துணியை மடிச்சுக் கட்டு. கப்பலுக்குக் கொடுத்தனுப்பிடலாம்."

"ட்ரையல் பாக்காம எப்படிங்க? அந்த டீச்சரம்மா தோளு?"

"அதுக்கு நாம என்ன செய்ய முடியும்? கவர்மென்ட் ஓர்டர்."

எனக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பெண்கள் எங்கள் தெருவில் பயமில்லாமல் நடந்தவர்கள். கடை வாசலில் உட்கார்ந்து சாயா குடித்தவர்கள். ஒரே ராத்திரியில் எங்கள் தெரு இறங்கக் கூடாத இடமாகிவிட்டதா? படகேறித் தீவுக்குப் போய், துறைமுக ஆபீஸில் இருந்த குமாஸ்தாவிடம் அந்த ஓர்டரைப் படித்துக் காட்டச் சொன்னேன். நல்ல மனிதர், படித்தார். பட்டியலில் உள்ள மூன்று இடங்களில் மட்டும் பயணிகள் இறங்கலாம். கடைகளுக்குள் போகக் கூடாது. குழுவில் ஓர் ஆள் குறைந்தாலும் பஸ் புறப்படக் கூடாது. மூன்று இடங்களில் எங்கள் மட்டாஞ்சேரி அரண்மனையும் ஒன்று. அங்கே முக்கால் மணி நேரம்.

"டெய்லர் எங்க நிக்கணும்னு இதில உண்டோ சாரே?" என்று கேட்டேன்.

அவர் தாளை ஒரு தடவை திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "அது இல்ல."

அது போதும் எனக்கு.

கடைக்குத் திரும்பிக் கை மிஷினையும் தைத்து வைத்திருந்த துணிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றினேன். "வம்பு வேண்டாம், நான் வரல" என்று என் வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார். நான் தனியாகவே வண்டியைத் தள்ளிப்போய், அரண்மனைச் சுவரோரம், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ரோட்டில் ஸ்டூலைப் போட்டேன். மீன் விற்கும் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, சுவரின் மூலையை மறைத்து ஒரு பெட்ஷீட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தால் என் வீட்டுக்காரர்தான், கையில் கத்தரியும் டேப்பும். வண்டியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார்.

பஸ் வந்தது. பெண்கள் எங்களைப் பார்த்ததும் கைதட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அன்று அவர்களில் எத்தனை பேர் அரண்மனையைப் பார்த்தார்கள் என்று தெரியாது. ஒவ்வொருவராக ஷீட்டுக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தார்கள். அவர் ஊசி குத்திக் கொடுக்கக் கொடுக்க நான் தைத்துக்கொண்டே இருந்தேன்.

கூட வந்த அதிகாரி ஓடிவந்தார். இளவயசுக்காரர். "இதெந்தா இவிடெ? கச்சவடம் பாடில்ல!" வியாபாரம் கூடாதாம்.

"கச்சவடம் நேத்தே முடிஞ்சுது சாரே. இது ட்ரையல்."

"பேசஞ்சர்ஸ் கடையில கேறான் பாடில்ல. ஓர்டர் உண்டு."

"அவங்க கடையில கேறலையே. கடைதான் இங்க வந்திருக்கு. ஓர்டர நானும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ரோட்டில தைக்கக் கூடாதுன்னு அதில எழுதல. எழுதியிருந்தா காட்டுங்க, இந்த நிமிஷமே எடுத்துட்டுப் போறேன்."

அவர் காகிதத்தை எடுத்துப் படித்தார். முகம் சிவந்தது. "மிஷினை எடுத்து ஸ்டேஷனில வைப்பேன்" என்றார். நான் மிஷினிலிருந்து கையை எடுக்கவில்லை. தைரியசாலி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பயத்தில் ஒரு சட்டைக் கையின் தையல் கோணலாகப் போய், பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

பத்துப் பேருக்கு முடிந்தது. டீச்சரம்மா ஷீட்டுக்குப் பின்னால் நிற்கும்போது அதிகாரி விசில் ஊதினார். நேரமாகிவிட்டது, எல்லாரும் ஏற வேண்டும். மற்றவர்கள் ஏறினார்கள். டீச்சரம்மா ஒரு தோளில் ஊசிகளோடு வெளியே வந்து, அரண்மனைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"முடிந்த பிறகு வருகிறேன்" என்றார்.

அதிகாரி கெஞ்சினார், அதட்டினார். அவர் அசையவில்லை. அவரை விட்டுவிட்டுப் பஸ் போகவும் முடியாது. அதுவும் அதே ஓர்டரில்தான் இருந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்த பெண்கள் ஜன்னல் வழியே எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

நான் இடது தோள் தையலைப் பிரித்தேன். என் வீட்டுக்காரர் முக்கால் அங்குலம் இறக்கி வெட்டினார். திருப்பி மூட்டினேன். டீச்சரம்மா போட்டுக்கொண்டு போய்ப் பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் பார்த்தார். தோளைத் தடவினார். கையைத் தூக்கி இறக்கினார். மறுபடி பார்த்தார். சட்டை நின்றது. என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "அவன் மிஷினத் தூக்கியிருந்தான்னா?"

"கூடவே நானும் போயிருப்பேன்."

"போயிருப்ப, போயிருப்ப" என்றார். சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த அதிகாரி சும்மா விடவில்லை. அடுத்த வாரம் கடைக்கு ஒரு நோட்டீஸ் வந்தது: அதிகாரியின் வேலைக்கு இடைஞ்சல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதித் தர வேண்டும், இனி அரண்மனைப் பக்கம் மிஷின் வைக்கக் கூடாது. நான் மலையாளத்தில் பதில் எழுதினேன். நின்றது பொது ரோட்டில், செய்தது என் வேலை என்று இரண்டே வரி. அடுத்த கப்பலுக்கு மிஷின் இல்லாமல் ஊசியும் நூலும் டேப்பும் மட்டும் எடுத்துக்கொண்டு அதே சுவரோரம் போய் நின்றேன். ஊசி வைக்கக் கூடாது என்று நோட்டீஸில் இல்லையே.

மறு வருஷம் பயணிகள் தனியாக நடக்கலாம் என்று ஓர்டரைத் தளர்த்தினார்கள். அதற்கடுத்த வருஷம் மறுபடி பஸ், மறுபடி பட்டியல். ஒவ்வொரு தடவையும் படகேறிப் போய் ஓர்டரைப் படித்துக் காட்டச் சொன்னேன். குமாஸ்தா என் தலையைக் கண்டதுமே தாளை எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார்.

மன்னிப்பு மட்டும் நான் எழுதிக் கொடுக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.