பெண் வீட்டு லென்ஸ், மாப்பிள்ளை வீட்டு லென்ஸ்

வைகை அணைப் பூங்காவில் கல்யாணத்துக்கு முந்தைய ஃபோட்டோ ஷூட். பெண் வீட்டார் என்னை அமர்த்தியிருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் செல்வத்தை. என் லென்ஸைப் பார்த்ததுமே அவன் சிரித்தான். என் கேமரா ஒரு கம்பெனி, லென்ஸ் விலை குறைந்த வேறொரு கம்பெனி.

"அக்கா, இதுல எல்லாம் மழுங்கலா விழும். கேமரா கம்பெனி லென்ஸையே வாங்குங்க."

"ரெண்டுலயும் எடுத்துப் பாத்துருவோம்யா" என்றேன்.

மணப்பெண் கவிதாவை ஒரே மரத்தடியில், ஒரே வெளிச்சத்தில் ஆளுக்கொரு படம் எடுத்து, அவன் லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தோம். தோற்றது நான்தான். அவன் படத்தில் இமை முடி தனித்தனியாகத் தெரிந்தது. கன்னத்து அம்மைத் தழும்பின் விளிம்புகூடத் துல்லியம். என் படத்தில் அது கொஞ்சம் கலங்கியிருந்தது.

ஜெயித்த கையோடு செல்வம் அந்தப் படத்தை ஆல்பத்துக்குத் தயார் செய்தான். இரண்டு தட்டுத் தட்டினான், கன்னம் மெழுகு பூசியதுபோல் ஆனது.

பின்னால் நின்ற கவிதா கேட்டாள்: "அண்ணே, என் தழும்பு எங்க போச்சு?"

"ஆல்பத்துக்கும்மா. எல்லாருக்கும் இப்படித்தான் செய்வோம்."

"பொண்ணு பாக்க வந்தவுக அந்த மூஞ்சியப் பாத்துத்தான் சரின்னு சொன்னாக. இது யாருன்னு எனக்கே தெரியல. பழையபடி வையுங்க."

அந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். நானும் எல்லா முகத்தையும் அப்படித் தேய்த்துக் கொடுத்தவள்தானே.

அன்றிலிருந்து நான் யார் முகத்தையும் தேய்ப்பதில்லை. "கொஞ்சம் வெள்ளையாக்கிக் குடுங்க" என்று கேட்டால் முடியாது என்கிறேன். கோபித்துக்கொண்டு செல்வத்திடம் போகிறார்கள். போகட்டும். அவன் லென்ஸ்தான் உசத்தி, ஊரறிய ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பார்த்ததை அவனே அழிக்கிறான். என் மழுங்கல் லென்ஸ் பார்த்தது அப்படியே ஆல்பத்துக்குப் போகும்.