மஞ்சள் பேனா குடித்த நீலம்

மைக்காரி என்று நாங்கள் கூப்பிடுவது என் சின்னம்மாவின் மூத்த மகளை. எனக்குத் தங்கை முறை. கல்யாணப் படத்தில்கூட அவள் கட்டைவிரல் ஊதாவாகத்தான் இருக்கும். குழாய் ஆபீசில் வரைபடத்துக்கு வண்ணம் போடும் வேலை. தெருவுக்கு அடியில் போகும் குடிநீர்க் குழாய்க்கு நீலம், எரிவாயுவுக்கு மஞ்சள், அறுத்து எடுத்துவிடலாம் என்கிற வெற்றுக் குழாய்க்குப் பச்சை. எல்லாம் தண்ணீர் மை ஸ்கெட்ச் பேனாதான்.

அந்தப் பேனாக்களை அவளைப் போலக் குழைக்க ஆள் கிடையாது. ஈரப் பிரஷால் ஒரு தடவு தடவுவாள். ஒரு நிறம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்றே தெரியாது.

ஒரு காலை அடுத்த படத்துக்காக மஞ்சள் பேனாவைத் திறந்தாள். நுனி பச்சை கட்டியிருந்தது. முந்தின நாள் நீலம் காயுமுன்னே அதன்மேல் மஞ்சளை இழுத்திருக்கிறாள். பேனா நீலத்தைக் குடித்துக்கொண்டு, ஒரு விரல் நீளத்துக்குப் பச்சையாகவே ஓடியிருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று பிரஷால் வேறு இழைத்துவிட்டிருக்கிறாள்.

படத்தில் ஒரு விரல் என்றால் ஒரு முழுத் தெரு. அங்கே அன்று குழாய் அறுப்பவன் அவள் கூடப்பிறந்த தம்பி, நாலு பெண்ணுக்குப் பிறகு பிறந்தவன்.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓடினாள். இரண்டு தெரு தள்ளியே அறுக்கும் மெஷின் சத்தம் கேட்டது. சத்தம் இருக்கும்வரை அவன் இருக்கிறான் என்று ஓடினாள். மூலை திரும்பும்போது சத்தம் நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தாள்.

குழிக்குள் அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, சோத்த மறந்துட்டு வந்துட்டேன்னு தூக்கிட்டு ஓடியாறியா?"

"மெஷின தொடாதடா. அது கேஸ் குழாய்."

மேஸ்திரி படத்தை விரித்தார். "பச்சை போட்டிருக்கேம்மா. நீ போட்ட படந்தானே?"

"நான் போட்டதுதான். தப்பா போட்டுட்டேன்."

"ஆபீசுல கேட்டுட்டு வா. அதுவரைக்கும் ஆளுங்கள சும்மா நிறுத்த முடியுமா?"

அவள் குழிக்குள் இறங்கிக் குழாய்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வயசாயிடுச்சு அக்காவுக்கு," என்று தம்பி சிரித்தான்.

அங்கிருந்தே அவள் போன் போட்டுக் கூப்பிட, கேஸ் ஆபீஸ்காரர் வந்தார். குழாயில் மெஷின் அறுத்திருந்த பள்ளத்தில் நகத்தை வைத்து ஆழம் பார்த்தார். எல்லாரையும் தெருக்கோடிக்குப் போகும்படி கைகாட்டினார்.

தம்பியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. தெருக்கோடிக்கு வந்த பிறகும் மெஷினைக் கீழே வைக்க அவனுக்கு வரவில்லை. பிடியிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக அவள்தான் பிரித்தாள்.