அரை இஞ்ச் அக்காவின் மோதிர விரல்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. அரை இஞ்ச் அக்கா என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவளுடைய தையல் கடையில் விட்டுவிடும். எந்த உடம்புக்கு அளவெடுத்தாலும், டேப் காட்டுவதைவிட அரை இஞ்ச் கூட்டித்தான் எழுதுவாள். வளருகிற பிள்ளைக்கும் அதுதான், தொந்தியை எக்கிக்கொண்டு நிற்கிற பெரிய மனுஷனுக்கும் அதுதான். "இழுத்த மூச்சை எப்பவாவது விட்டுத்தானண்ணே ஆகணும்?" என்பாள். அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய், நாலு பேர் முன்னால் பொத்தான் தெறித்து நின்றவர் ஒருவர்கூடக் கிடையாது. அது சாதாரண கெட்டிக்காரத்தனமா என்ன?

அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியதும் அந்தத் தையல் மெஷின்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகி, அவன் பிள்ளைகளுக்கும் சீருடை தைத்தாயிற்று. அப்போதுதான் ஒருநாள், வருஷக்கணக்காக அவளிடமே சட்டை தைத்துப் போடுகிற லேத்துப் பட்டறைக்காரர், சட்டையை வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். நரைத்த தலையைத் தடவிக்கொண்டே, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார். ஊசி அவள் விரலில் ஏறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டே சரியென்று தலையை ஆட்டினாள். பதிவுக் கல்யாணம், அன்றைக்கு அவள் விரலில் அவர் ஒரு மோதிரம் போடுவார் என்று பேசிக்கொண்டார்கள்.

"இந்த வயசுல கல்யாணமே அதிகம், இதுல மோதிரம் வேறயா? பார்க்கறவங்க சிரிக்கப் போறாங்கக்கா" என்றான் தம்பி. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த மோதிரம் அவளுக்கு வேண்டும். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவளுக்கு, அவள் அளவுக்கென்று இதுவரை யாரும் ஒன்றும் செய்து கொடுத்ததில்லை.

ஜோடியாக நகைக்கடைக்குப் போகக் கூச்சம். "வீட்டுலயே அளவெடுத்துக் கொடுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார் அவர். அவள் காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டி விரலைச் சுற்றினாள். முட்டியைத் தாண்டிக் கழற்ற வருகிறதா என்று பார்த்துக்கொண்டாள். பென்சிலால் ஒரு கோடு போட்டு, கோட்டோடு வெட்டி அவரிடம் கொடுத்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள், ஒரு பையனின் மார்பளவை எழுதும்போது கை தன்னால் அரை இஞ்ச் கூட்டியது. அவளுக்குப் பகீரென்றது. மோதிரப் பட்டையில் போட்ட கோட்டையும் ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், தள்ளித்தானே போட்டோம்! அதே அளவில் இன்னொரு பட்டை வெட்டி, வளையமாக ஒட்டி, விரலில் போட்டுக் கையைத் தொங்கவிட்டாள். வளையம் நழுவித் தரையில் விழுந்தது. நாளைக்குத் தம்பியின் கண்ணெதிரே இப்படித்தான் விழப்போகிறது.

உடனே போன் செய்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள், "மோதிரம் வந்தாச்சு, பிரமாதமா இருக்கு!" என்று லேத்து இரைச்சலுக்கு மேலே கத்தினார் அவர். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. விரலை மடக்கிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று போனை வைத்தாள்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவர் மோதிரத்தை எடுத்தார். முன்வரிசையில் தம்பி. அவள் விரலை மடக்கத் தயாரானாள். ஆனால் மோதிரம் முட்டியில் போய் நின்றது. அவர் லேசாகத் திருகியதும் தாண்டிப் போய் விரலடியில் உட்கார்ந்தது.

"நான் கூட்டியில்ல கொடுத்தேன்?" என்றாள் காதோடு.

"தெரியும். இத்தனை வருஷமா நீங்க தைச்ச சட்டையைத்தான போட்டுக்கிட்டிருக்கேன்? சட்டைக்கு அரை இஞ்ச்னா விரலுக்கு ஒரு நூல் இருக்கும்னு, அதை வெட்டிட்டுத்தான் கடையில கொடுத்தேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்னையும் ஒரு மனுஷன் அளந்து வைத்திருக்கிறான்!

தம்பி எழுந்து வந்தான். "என்னக்கா, அளவு சரியா இருக்கா?"

 கையை அவன் மூக்குக்கு நேரே கவிழ்த்து நீட்டி, பலமாக ஒரு உதறு உதறிக் காட்டினாள்.